பெயர்ச்சீட்டு இல்லாத கல்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓய்வுபெற்ற பிறகு என்ன செய்கிறீர்கள் என்று செயலாளர் தொலைபேசியில் கேட்டார். கல் துடைக்கிறேன் என்றேன். சிரித்துவிட்டு, அதைப் பற்றியே வந்து பேசுங்கள் என்றார். அதனால்தான் நிற்கிறேன். நான் புவியியல் அறிஞர் அல்ல. விஞ்ஞானம் படிப்பித்த பள்ளிக்கூட ஆசிரியை. கல் சேர்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. அதில் நான் செய்த ஒரு பெரிய பிழையைத்தான் இன்று உங்களிடம் சொல்லப்போகிறேன்.

நான் கொஸ்லந்தவிலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிப் படித்தவள். எட்டாம் வகுப்பில் உயிர்ச்சுவடுகள் பற்றிய பாடம் வந்தது. புத்தகத்தில் சுருள் சுருளாக ஒரு கல்லின் படம். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனதும் தம்பியையும் இழுத்துக்கொண்டு தியலும நீர்வீழ்ச்சிக்குக் கீழே ஆற்றங்கரையில் கல் உடைக்கத் தொடங்கிவிட்டேன். இரண்டு நாள் உடைத்தோம். உள்ளே மினுக்கம் இருந்தது, கோடு கோடாக வெள்ளையும் கறுப்பும் இருந்தது, சுருள் மட்டும் இல்லை. பள்ளிக்குத் திரும்பி டீச்சரிடம் முறையிட்டேன். "நம்ம மலைக் கல்லெல்லாம் அடுப்பில வெந்த கல்லு பிள்ளை, அதில நத்தை கிடைக்காது" என்றார்.

அவர் சொன்னது சரி. ஊவா மலைகளின் பாறைகள் பூமிக்குள் மிக ஆழத்தில், 55 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், 800 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து உருமாறியவை. அந்த வெப்பத்தில் எந்த ஓடும் தப்பாது. இலங்கையில் உயிர்ச்சுவடு வேண்டுமானால் புத்தளத்தில் அருவக்காலுச் சுண்ணாம்புக்கல்லுக்குப் போக வேண்டும். யால கரையோரத்தில் மினிஹாகல்கந்தவுக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் யானை, நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்பும் பல்லும் கிடைத்த இரத்தினபுரி மாணிக்கக் குழிகளில் தேட வேண்டும். கொஸ்லந்தவில் கிடைக்காது.

1974இல் எங்கள் குடும்பத்துக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 1964 ஒக்டோபரில் கைச்சாத்தானபோது 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்று எழுதினார்கள். அந்த எண்ணிக்கையில் நாங்கள் ஆறு பேர். ஒப்பாரிக் கோச்சி என்று நம் ஆட்கள் பெயர் வைத்தார்களே, அந்த இரயிலில் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். எனக்கு அப்போது 16 வயது. விண்ணப்பத்தில் 'சொந்த ஊர்' என்று ஒரு கட்டம். அப்பா அதில் "ஊட்டத்தூர், திருச்சி மாவட்டம்" என்று எழுதியிருந்தார். அதற்கு ஒரே ஆதாரம் அப்பாயி. அவருக்கும் அவருடைய மாமியார் சொன்னதுதான் தெரியும்: "ஊட்டத்தூரு பக்கம், ஏரிக்கரை மேல." அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

ஊட்டத்தூருக்குப் போனோம். ஏரி இருந்தது, கரை இருந்தது. எங்கள் ஆட்களை அறிந்தவர் எவரும் இல்லை. மூன்று தலைமுறைக்கு முன் போனவர்களை யாருக்கு ஞாபகம் இருக்கும்? கேட்ட கேள்விக்கெல்லாம் "எந்தத் தெரு, யார் வகையறா" என்று திருப்பிக் கேட்டார்கள். பதில் எங்களிடம் இல்லை. அப்பாயி ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, "சரி, வாங்க போவோம்" என்றார்.

அந்த ஊர்ப் பக்கமே எனக்குப் பிறகு ஆசிரியை வேலை கிடைத்தது. அன்று திருச்சி மாவட்டம், இன்று பெரம்பலூர் மாவட்டம். ஒரு நாள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் உள்ளங்கை அளவு கல்லைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "உழும்போது வந்துச்சு டீச்சர். கல்லாப்போன நத்தை." எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் பார்த்த அதே சுருள்! தியலுமவுக்குக் கீழே நான் தேடியது, அப்பாயியின் ஊரில் ஏர் முனையில் கிடைத்தது.

அதன் காரணத்தைச் சொல்கிறேன். இந்தியா அந்தாட்டிக்காவிலிருந்து பிரிந்த காலத்தில் இன்றைய காவிரிப் படுகை பிளந்து தாழ்ந்தது. கடல் உள்ளே வந்தது. ஊட்டத்தூர், காரை, அரியலூர் எல்லாம் அன்று கடலடி. காரையில் இருக்கும் களிமண் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுப் பழையது. அரியலூருக்குப் பக்கத்தில் கல்லங்குறிச்சியில் சீமெந்து ஆலைகள் வெட்டும் சுண்ணாம்புக்கல் ஏறக்குறைய 7 கோடி ஆண்டு. பெரிய சிப்பிகள் அடுக்கடுக்காக இருக்கும். அதற்கும் மேலே நின்னியூர்ப் படிவுகள். டைனோசர்கள் அழிந்த பேரழிவு நடந்தது 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுக்கு முன்பு. நின்னியூர்ப் படிவுகள் அதற்குப் பிந்தியவை. ஆக, அந்த அழிவுக்கு முந்திய கடலும் பிந்திய கடலும் ஒரே வட்டாரத்தில், ஒரு நாள் பேருந்துப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

அந்தக் கடலில் சுருள் ஓட்டோடு நீந்திய உயிர்களில் இரண்டு கூட்டம். ஒன்று அம்மோனைட். மற்றது நாட்டிலஸ் கூட்டம். கணவாய்க்கு இரண்டுமே உறவு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். பிரித்தறிவது எப்படி என்று மாணவிகளுக்காகச் சொல்கிறேன். ஓட்டுக்குள் தடுப்புச் சுவர்கள் இருக்கும். அவற்றால் சிறு சிறு அறைகள் உண்டாகும். சுவர் ஓட்டைத் தொடும் இடத்தில் ஒரு கோடு தெரியும். அம்மோனைட்டில் அந்தக் கோடு இலை விளிம்பைப்போல நெளிந்து நெளிந்து போகும். நாட்டிலசில் மெல்லிய வளைவு மட்டுமே. அறைகளையெல்லாம் கோத்துக்கொண்டு ஒரு குழாய் போகும். அம்மோனைட்டில் அது வெளி விளிம்போரம்; நாட்டிலசில் சுவரின் உட்பகுதியிலேயே ஓட்டை விழுந்திருக்கும். உடைந்த துண்டு கிண்ணம்போல் குழிந்து, நடுவில் சின்னத் துவாரத்தோடு இருந்தால் நாட்டிலஸ்தான்.

பேரழிவில் அம்மோனைட் கூட்டம் அடியோடு போய்விட்டது. நாட்டிலஸ் தப்பியது. ஏறக்குறைய 50 கோடி ஆண்டு வரலாறுள்ள அந்தக் கூட்டத்தில் சில இனங்கள் பசிபிக்கிலும் இந்து சமுத்திரத்தின் கிழக்கிலும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. முட்டை பெரிது, பொரிக்க ஓராண்டுபோல் ஆகும், குஞ்சு வெளியே வரும்போதே தனக்கென்று சில அறைகளோடு வரும். அம்மோனைட் குஞ்சுகளோ மிகச் சிறியவை, மேல்நீரில் மிதந்து வளர்ந்தவை. மேல்நீரில் உணவு அற்றுப்போனபோது அவை பட்டினியில் மடிந்தன, ஆழத்தில் இருந்த நாட்டிலஸ் தாக்குப்பிடித்தது என்று ஆய்வாளர்கள் காரணம் சொல்கிறார்கள். இதை வாசித்த நாளிலிருந்து அம்மோனைட்டை விட்டுவிட்டு நாட்டிலசைத் தேடத் தொடங்கினேன்.

இனி என் வேலையைச் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஓடைக்கரையிலும் உழுத நிலத்திலும் கல் வெளியே வரும். நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டுதான் எடுப்பது. களிமண் ஒட்டியிருந்தால் நன்றாக வெயிலில் காயவைத்து, பிறகு வாளித் தண்ணீரில் போட்டால் மண் தானாகவே உதிரும். ஈர மண்ணை அப்படியே ஊறப்போட்டால் உதிராது. சுண்ணாம்புக்கல்லுக்குள் இருந்தால் சின்ன உளி, சின்னச் சுத்தியல். உளியின் முனை எப்போதும் உயிர்ச்சுவட்டை விட்டு விலகியே நிற்க வேண்டும். கடைசி மில்லிமீற்றருக்குத் தையல் ஊசியும் பல் வைத்தியர் கழித்துப்போட்ட கொக்கியும். கண்ணாடியும் வாய்மூடியும் கட்டாயம்; கல் தூசி நெஞ்சுக்கு ஆகாது. வெடிப்புக் கண்டால் அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பூசுவேன். பிற்பாடு தேவையென்றால் அதைக் கரைத்து எடுத்துவிடலாம். ஒரு கல்லுக்கு ஒரு மாதம் ஆகும். கொழுந்தெடுத்த கைகளின் பேத்திக்கு விரல் பொறுமை இயல்பிலேயே இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பின்னால் கற்றது. தொடக்கத்தில் எனக்கு அவசரம். 1991 தை மாத விடுமுறையில் இரண்டு நாள் தொடர்ந்து போனேன். ஒரு நாள் நின்னியூர்ப் பக்கம், மறுநாள் அரியலூர்ப் பக்கம். இரண்டு நாள் கல்லும் ஒரே உரச் சாக்கில். வீட்டில் வந்து கொட்டினால், அதில் தேங்காய் அளவில், உருண்டு திரண்ட ஒரு நாட்டிலஸ். அப்படி ஒன்றை அதற்குப் பின் இன்றுவரை நான் கண்டதில்லை. ஆசை பொறுக்கவில்லை. தேய்த்தேன், கழுவினேன், போகாத மண்ணைப் போக்கக் கழிப்பறை கழுவும் அமிலத்தை ஊற்றினேன். ஓடும் சுண்ணாம்பு, ஒட்டியிருந்த கல்லும் சுண்ணாம்பு. அமிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். மேல் ஓடு நுரைத்துப்போய்விட்டது. மிஞ்சியதை எண்ணெய் பூசிப் பளபளவென்று ஆக்கி, கண்ணாடி அலமாரியில் வைத்தேன். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

சில வருடம் கழித்து, ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வு செய்ய வந்த பெண் ஒருத்தி என் வீட்டுக்கு வந்தாள். என் மகள் வயது. அலமாரியைத் திறந்து அந்தக் கல்லை இரண்டு கையாலும் எடுத்தாள். எடுத்ததும் கேட்டது ஒரே கேள்வி: "இது எங்க கிடைச்சதும்மா?"

எனக்குத் தெரியவில்லை. நின்னியூரா, அரியலூரா? எந்த நாள் எடுத்தேன் என்றுகூட ஞாபகம் இல்லை. அவள் பொறுமையாக விளக்கினாள். இந்த வழவழப்பான உருண்டை வகைக்கு யூட்ரெஃபோசெராஸ் என்று பெயர். பேரழிவுக்கு முன்னும் இருந்தது, பின்னும் இருந்தது. அதனால் உருவத்தை வைத்து மட்டும் காலத்தைச் சொல்ல முடியாது. ஒட்டியிருந்த மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் ஓடுகள் இருந்திருக்கும். அவற்றைக் கொண்டு படிவத்தைக் கண்டுபிடித்திருக்கலாம். அந்த மண்ணைத்தான் நான் கழுவி வாய்க்காலில் விட்டுவிட்டேனே. அறைகளுக்குள்ளும் படிகம் மட்டுமே நிறைந்திருந்தது. "அழிவுக்கு முந்தினதா, தப்பிச்சதுக்குப் பிந்தினதான்னு இனிமே யாராலும் சொல்ல முடியாதும்மா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு" என்றாள்.

அன்று இரவு எனக்கு அப்பாயிதான் ஞாபகத்துக்கு வந்தார். ஏரிக்கரை மேல். எந்தத் தெரு, யார் வகையறா.

இதே ஊட்டத்தூர்க் கற்களுக்கு இன்னொரு கதை உண்டு. 1840களின் தொடக்கத்தில் கே, கன்லிஃப் என்று இரண்டு பேர், மதராஸ் அரசாங்க அதிகாரிகள், நம்மைப்போல் பொழுதுபோக்காகக் கல் பொறுக்கினார்கள். புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி என்று எடுத்த இடத்தை எழுதி வைத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை ஆராய்ந்து வெளியிட்டார். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் 1861இல் தென்னிந்திய நாட்டிலஸ் வகைகளைத் தனியாக விவரித்து, ஒன்றுக்கு அந்தக் கேயின் பெயரையே வைத்தார். 160 ஆண்டுக்கு மேலாகியும் அந்தக் கற்களைக் கொண்டு இன்றும் ஆய்வு செய்ய முடிகிறது. அதற்குக் காரணம் கூடவே போன காகிதத் துண்டு.

கற்கள் ஊர்ப் பெயரோடு கப்பல் ஏறிய அதே காலத்தில்தான் கங்காணிமாருக்குப் பின்னால் நம் ஆட்களும் இங்கே நடந்து வந்தார்கள். அவர்களுக்கு யாரும் சீட்டு எழுதவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு வந்தது. அதில் எண் பொறித்திருந்தது. போய்ச் சேர வேண்டிய தோட்டத்தை அது சொல்லும். புறப்பட்ட ஊரைச் சொல்லாது. அடுத்த தலைமுறையில், 1948இல், பிரஜாவுரிமைக்கு ஆதாரம் கேட்டபோது என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பெண் வந்து போன மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். அன்றிலிருந்து ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண். கல்லின் அடிப்பக்கத்தில் ஒரு பொட்டு வெள்ளைப் பூச்சு, அதன்மேல் இந்திய மையில் எண். நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே: எந்த ஊர், எந்த ஓடை, எந்தக் கரை, எவ்வளவு ஆழம், தேதி, எடுத்தவர் பெயர். மாணவர்கள் எடுத்ததென்றால் அவர்கள் பெயர்தான். அடியில் கொஞ்சம் மூலக்கல்லைச் சுரண்டாமல் விட்டுவிடுவேன். உதிர்ந்த மண்ணைக்கூடச் சிறு போத்தலில் போட்டு அதே எண்ணை ஒட்டுவேன். இதற்கெல்லாம் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும்.

அந்த நோட்டில் 47ஆம் எண் ஒரு சாதாரணத் துண்டு. கால்வாசிதான் இருக்கிறது, அழகும் இல்லை. ஆனால் நின்னியூர்ப் படிவில் அடியிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று அளந்து எழுதி எடுத்தது. கோடு ஆழமாக வளைந்து போவதால் அது ஹெர்கோகுளோசா என்று அந்தப் பெண்ணே அடையாளம் சொன்னாள். அழிவுக்குப் பிறகு தழைத்த வகை. அதை ஆய்வுக்கு வாங்கிக்கொண்டு போனாள். அலமாரியின் பெரிய கல்லை யாரும் கேட்கவில்லை.

இன்று நான் அநேகமாகக் கல்லை எடுப்பதில்லை. படம் எடுத்து, இடத்தைக் குறித்துவிட்டு வந்துவிடுகிறேன். சாத்தனூர்க் கல்மரம் இருக்கும் பூங்கா போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரு சில்லையும் தொடக்கூடாது. இந்தியாவில் இதற்கென்று 2022இல் ஒரு சட்ட வரைவு போட்டார்கள். அது சட்டமாகும்வரை நம் மனச்சாட்சிதான் காவல். அதனால்தான் நம் பாடசாலைக்கு நான் கல்லைக் கொண்டுவரவில்லை. இதோ என் கையில் இருப்பது பிளாஸ்டர் ஆஃப் பாரிசில் வார்த்த பிரதி. 47ஆம் எண்ணின் பிரதி. அடியில் ஊர், தேதி எல்லாம் எழுதியிருக்கிறேன். விஞ்ஞான கூடத்தில் வையுங்கள். பிள்ளைகள் நடுத் துவாரத்தில் விரல் வைத்துப் பார்க்கட்டும்.

கொஸ்லந்தக்காரி பேச வந்துவிட்டு மீரியபெத்தவைச் சொல்லாமல் போக முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தது. எழுதியதை வாசித்து எழுந்து நடக்க வைப்பதற்கு ஆள் இருக்கவில்லை. உயிர்களோடு பிறப்புச் சான்றிதழ், கலியாணப் படம், பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கை எல்லாம் மண்ணுக்குள் போயின. இன்றைய மாணவிகளே, கல்லையும் மண்ணையும் வாசிக்கக் கற்பது என் வயதில் பொழுதுபோக்கு. உங்கள் வயதில் அது படிப்பாகலாம், தொழிலாகலாம். நம் மலைக் கல்லில் நத்தை கிடைக்காதுதான். ஆனால் இந்த மலை எப்போது நகரும் என்பதை அறிய அதே கண்ணும் அதே நோட்டுப் புத்தகமும் தேவை. உங்களில் இரண்டு பேராவது புவியியல் படியுங்கள்.

அக்காமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். மண்டபத்துக்குள் வரும்போது வாசலில் பழைய படங்கள் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வகுப்புப் படத்தில் 23 பிள்ளைகள், வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல். கீழே "மாணவியர்" என்று மட்டும் எழுதியிருக்கிறது. யார் வீட்டுப் பிள்ளைகள், எந்தத் தோட்டம், எந்த வருடம், தெரியவில்லை. காலையில் எழுபது வயது அக்கா ஒருவர் அதன் முன்னால் நெடுநேரம் நின்று, "இரண்டாவது வரிசையில இருக்கிறது எங்கம்மா மாதிரி இருக்கு" என்றார். மாதிரி என்றுதான் சொல்ல முடிந்தது.

உங்கள் வீட்டில் இருக்கும் பாடசாலைப் படங்களை, இன்று இரவு வேண்டாம், ஊருக்குப் போன வாரத்திலேயே எடுத்துப் பின்பக்கம் எழுதுங்கள். பெயர், தோட்டம், வருடம். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறும். தெரியாத முகம் இருந்தால் தெரிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். சென்னையில் இருப்பவர்கள், கனடாவில் இருப்பவர்கள், லண்டனில் இருப்பவர்கள், மண்டபம் வழியாகப் போய் என்னைப்போல் திருச்சியிலும் நீலகிரியிலும் தங்கிவிட்டவர்கள், எல்லோருமே ஒரு பிரதி எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

அந்த வாசல் படத்தை நான் மதிய உணவு இடைவேளையில் மேசைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். பென்சிலும் கொண்டுவந்திருக்கிறேன். தெரிந்த ஒரு பெயராவது உள்ளவர்கள் தயவுசெய்து வாருங்கள்.